டேலில்லி பூத்து முடிந்தபின்: தூரைப் பிரிப்பதா, அப்படியே விடுவதா?

காய்ந்த பூத்தண்டை அடியோடு நறுக்குவது இரண்டு வழிக்கும் பொது. பச்சை இலைகளைத் தேவையின்றி வெட்டக் கூடாது, அடுத்த பூப்புக்கான உணவை வேரில் சேர்ப்பவை அவைதாம்.

செலவு: பிரித்தால் புதுப் பாத்திக்கு மணலும் மட்கிய எருவும் வேண்டும், விட்டால் மேலெரு போதும்.

உழைப்பு: டெல்டாவின் களிமண்ணில் தூரைத் தோண்டி, சதைப்பற்றுள்ள வேர்கள் முறியாமல், கொத்துக்கு இரண்டு மூன்று குருத்து நிற்கும்படி பிரிப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. விடுவதில் உழைப்பே இல்லை.

பூப்பு: பிரித்த செடி முதலாண்டு குறைவாகப் பூத்துப் பின்னர் தேறும், நெருக்கமான தூரோ ஆண்டுக்காண்டு பூ குறையும்.

நான்கைந்து ஆண்டாகி நெருங்கிப்போன தூரைப் பிரியுங்கள், ஆனால் ஐப்பசி அடைமழையில் வேண்டாம். நீர் தேங்கினால் வெட்டுப்பட்ட வேர் அழுகிவிடும், தை வரை பொறுக்கலாம். இளந்தூரைக் கலைக்காமல் விடுவதே நல்லது.