தாளை நம்புவதா, பெட்டியைத் தொடர்வதா? ஜெனீவா 1925

பிரிட்டனின் ஆட்சியிலிருந்த ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ அபின் பெட்டிகள் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுகின்றன. கூடவே, போய்ச் சேரவேண்டிய நாட்டின் அரசு கொடுத்த இறக்குமதிச் சான்றிதழ். துறைமுக அதிகாரி அதை அப்படியே ஏற்க வேண்டுமா, துருவிப் பார்க்கலாமா? 1924 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய முதல் அபின் மாநாட்டில் ஜப்பானும் பிரிட்டனும் மோதிக்கொண்டது இதில்தான்.

ஓர் அரசின் முத்திரையை இன்னோர் அரசின் துறைமுகம் சந்தேகிப்பது கௌரவக் குறைவு என்றது ஜப்பான். சரக்கு தேங்காது என்ற வசதியும் அதில் உண்டு. ஆனால் சான்றிதழ், வாங்க அனுமதித்தோம் என்று மட்டுமே சொல்கிறது. பெட்டி வழியில் சீனக் கரையில் இறங்கிவிட்டாலும் தாளில் ஒரு பிழையும் தெரியாது.

மறுக்கும் உரிமை துறைமுகத்துக்கு வேண்டும் என்றது பிரிட்டன். அந்த மாநாட்டில் உருவான 1925 பிப்ரவரி 11 ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு அதன் பக்கமே சாய்ந்தது: முறைகேட்டுக்கு இடமில்லை என்று போதிய உத்தரவாதம் தரும் சான்றிதழைக் காட்டினால்தான் கச்சா அபினை மாற்றி ஏற்றலாம். புகைப்பதற்குப் பதப்படுத்திய அபினுக்கோ எந்தத் தாளும் செல்லாது. ஆனால் எது போதிய உத்தரவாதம் என்பதற்கு அளவுகோல் இல்லை. ஹாங்காங்கில் அரசே அபின் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், பிரிட்டனின் மறுப்பை மற்றவர்கள் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

எட்டு நாள் கழித்து, ஜெனீவாவிலேயே நடந்த இரண்டாம் மாநாட்டின் உடன்படிக்கை இந்த இரண்டையும் விட உறுதியான வழியைக் கண்டது. ஒவ்வொரு சரக்குக்கும் தனி இறக்குமதிச் சான்றிதழ்; அதைப் பார்த்த பிறகே ஏற்றுமதி அனுமதி. அனுமதியின் ஒரு நகல் சரக்கோடு போகும், இன்னொன்று இறக்குமதி நாட்டின் அரசுக்குப் போகும். சரக்கு வந்ததும் உண்மையில் வந்த அளவைக் குறித்து அந்த அரசு திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியதும் வந்ததும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டை எங்கே என்று தேடலாம்.

இடைத் துறைமுகத்தில் பெட்டி கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் நகலைக் காட்டியாக வேண்டும். இலக்கை மாற்றுவதானால், புதிய நாட்டின் இறக்குமதிச் சான்றிதழ் வந்த பிறகே அதற்கான தனிச் சான்று. சுங்கக் கிடங்கில் வைத்தால் அதிகாரிகளின் அனுமதியின்றிப் பொதியை மாற்றக்கூடாது; பழைய முத்திரையை நீக்கிப் புதுப் பெட்டியில் அடைப்பது கள்ளக்கடத்தலின் வழக்கமான உத்தி.

இந்த மூன்று வழிகளில் எங்கள் தேர்வு மூன்றாவதுதான். இதிலும் பலவீனம் உண்டு. 1928 செப்டம்பர் 25 வரை இது நடைமுறைக்கு வரவில்லை. உடன்படிக்கையில் சேராத நாடுகளுடனான வணிகத்துக்கு, இயன்ற அளவு இதே விதிகள் என்று மட்டுமே இருந்தது. நகலைத் திருப்பி அனுப்பும் கடமை அந்த நாடுகளுக்குக் கிடையாது.