மாதவிடாய் நின்றவர்களுக்கு ‘ஹோர்மோன் பக்கேஜ்’: காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்

நான் தையல்காரி. கோண்டாவில் பக்கம் வீட்டோடு இருந்து தைக்கிறேன். முப்பது வருசமாக அளவுநாடா என் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. என்னையே ஒரு அளவுநாடாவை வைத்து ஏமாற்றினார்கள் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை வருசம். அதற்குள் 61 கிலோ 69 ஆகிவிட்டது. சாப்பாடு ஒன்றும் கூடவில்லை. அதே இடியப்பம், அதே சொதி. ஆனால் வயிறு மட்டும் தனியாக முன்னுக்கு வந்து நின்றது. நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று பழைய சாரிச் சட்டையை எடுத்துப் போட்டால் கொழுக்கி எட்டவில்லை. ஊரார் சட்டையெல்லாம் பிரித்து விட்டுக் கொடுக்கிற எனக்கு, என் சட்டையில் விடுவதற்கு உள்ளே துணி மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து பேஸ்புக்கில் அந்த ‘ஹோர்மோன் பக்கேஜ்’ விளம்பரம். யாழ்ப்பாண நகருக்குள் வாடகை வீடொன்றில் நடத்துகிறார்கள். பெயர் எழுதமாட்டேன். வழக்கென்று வந்தால் அதற்கும் நான் சட்டை தைத்துத்தான் காசு கட்டவேண்டும்.

செருப்பைக் கழற்றி ஒரு மெசினில் ஏற்றினார்கள். அது ஒரு துண்டு அடித்துத் தந்தது: ‘உடல் வயது 67’. என் அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. “அன்ரி, உங்கட ஹோர்மோன் எல்லாம் குழம்பிக் கிடக்கு. மூண்டு மாசத்தில பன்னிரண்டு கிலோ இறக்கித் தாறம்” என்றாள் அங்கிருந்த பிள்ளை. இரத்தம் எடுக்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. காலடியில் லேசாக மின்சாரம் விட்டுக் கொழுப்பைக் கணக்குப்போடுகிற மெசின் அது. ஹோர்மோனை அதால் அளக்கவே முடியாது என்று பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரியும். 54,000 ரூபா, ஒரேயடியாகக் கட்டினால் 45,000. கட்டினேன். கனடாவில் இருந்து தங்கச்சி அனுப்பினது பாதி, திருவிழாத் தையல் காசு பாதி.

ஒரு போத்தல் மூலிகைக் குளிசையும், இரவில் கரைத்துக் குடிக்க ஒரு பச்சைத் தூளும் தந்தார்கள். முதல் கிழமையே மூன்று கிலோ குறைந்தது. விடிய எழும்பி மூன்று நாலு தரம் கக்கூசுக்கு ஓடினால் யாருக்குத்தான் குறையாது! போனது தண்ணீர். எனக்கோ புளுகம் தாங்கவில்லை, மச்சாளுக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

பிறகுதான் படபடப்புத் தொடங்கியது. தையல் மெசினை நிற்பாட்டின பிறகும் நெஞ்சுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் நித்திரை இல்லை. ஊசியில் கோர்ப்பதற்கு நூல் நுனியை நனைக்கப் போனால் வாயில் எச்சில் இல்லை. போன் எடுத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “அது மெனோபோஸ் அன்ரி.” வியர்க்கிறது என்றால் நச்சு வெளியே போகிறதாம். நானும் நம்பினேன். மாதவிடாய் நிற்கிற காலத்தில் வெக்கை, வியர்வை, நித்திரைக் குழப்பம், படபடப்பு எல்லாம் வரும் என்பது உண்மைதானே. அந்த உண்மைக்குள்தான் தங்கள் குளிசை செய்த வேலையையும் ஒளித்துவிட்டார்கள்.

ஆறாம் கிழமை நிறை திரும்ப 68. “கிலோவைப் பாக்காதேங்கோ அன்ரி, இஞ்சியைப் பாருங்கோ” என்று நாடாவை எடுத்தாள். முதல்நாள் தொப்புளுக்கு நேரே, சாரிக்கு மேலால், உள்ளே ஒரு விரலும் விட்டு அளந்தவள். இப்போது நாலு விரல் மேலே ஏற்றி, சாரியை விலக்கி, “மூச்சை உள்ளுக்க இழுங்கோ” என்றாள். மூன்று இஞ்சி குறைவு! எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. 45,000 போய்விட்டதென்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்த கிழமை திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரிவுசெய்துகொண்டிருக்கும்போது தலை சுற்றி இருந்துவிட்டேன். பிரஷர் 170க்கு 100. டொக்டர் போத்தலை வாங்கி நகத்தால் சுரண்டினார். லேபலுக்குக் கீழே இன்னொரு லேபல். என்ன கலந்திருக்கிறது என்று பரிசோதிக்காமல் சொல்லமுடியாது என்றார். ஆனால் மூலிகை என்று விற்கிற மெலிவுக் குளிசைகளில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறதாம். இருதயத்துக்கு ஆபத்து என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இல் சந்தையில் இருந்து எடுத்த மருந்து அது. குளிசையை விட்டு ஒரு கிழமைக்குள் படபடப்பு அடங்கியது.

இரத்தம் சோதித்தால் தைரொயிட்டும் குறைவு. தைரொயிட்டைப் பார்க்கிற ரி.எஸ்.எச். என்ற இரத்தச் சோதனை ஒன்று முதலே செய்திருந்தால் தெரிந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையக் கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றுக்கு இடம் மாறும், வயதோடு தசையும் கரையும், அதனால் அதே சாப்பாடு இப்போது மிஞ்சிப்போகிறது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ஹோர்மோன் மருந்து வெக்கைக்குத்தான், மெலிவதற்கு இல்லையாம். சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பயறு கூட்டச் சொன்னார். நடப்பதோடு கொஞ்சம் பாரம் தூக்கவும் சொன்னார். நான் தண்ணீர் வாளி தூக்குகிறேன். நாலு மாசத்தில் இரண்டரைக் கிலோ; யாரும் விளம்பரம் போடமாட்டார்கள்.

காசைத் திருப்பிக் கேட்கப் போனால் பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ‘முக அழகு பராமரிப்பு’ என்று எழுதியிருந்தது. குளிசை என்ற சொல்லே இல்லை. வாங்கும்போது நான் வாசிக்கவில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு இல்லை.

35 தாண்டியவர்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் சுகவனிதையர் கிளினிக் இலவசமாகவே நடக்கிறது. பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்தும் நான் ஒருநாளும் போனதில்லை.

இதே பச்சைத் தூளும் குளிசையும் யாரிடமாவது இருந்தால் குடிப்பதை நிற்பாட்டிவிட்டு டொக்டரிடம் போங்கள். போத்தலை எறிந்துவிடாதீர்கள், அதையும் கையோடு கொண்டுபோங்கள்.