பலூன்ல பறக்குற ஈரப்பத கருவிகள்: காலிபிரேஷன்ல (அளவு சரிபார்ப்புல) எதை நம்பலாம்?

வளிமண்டல நீராவியை பலூன்ல அளக்க முக்கியமா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தினசரி வானிலைக்கு விடுற ரேடியோசோண்டுல (பலூன்ல கட்டி விடுற அளவீட்டு பெட்டி) இருக்குற பாலிமர் சென்சார், ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அதோட கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்குற திறன்) மாறும், அதை வச்சு ஈரப்பதத்தை கணக்கு போடுவாங்க. இன்னொண்ணு உறைபனி கருவி, சின்ன கண்ணாடியை குளிர வச்சு, அதுமேல படியுற பனி கூடாம குறையாம நிக்குற வெப்பநிலை என்னன்னு பாக்குறது. விலை, எடை, சுலபம்னு பாத்தா முதல் ஆள்தான், அதுல விவாதமே இல்ல. ஆனா பல வருஷமா நீராவி கூடுதா குறையுதான்னு சொல்லணும்னா நான் ரெண்டாவது பக்கம்தான் நிப்பேன்.

பாலிமர்ல என்ன சிக்கல்னா, ஃபேக்டரில போட்ட காலிபிரேஷன் பறக்குற வரைக்கும் அப்படியே இருக்கும்னு நம்பணும். வைசாலா கம்பெனியோட ஆர்எஸ்80 சோண்ட் அப்படி இருக்கல. 1992-93ல மேற்கு பசிபிக்ல டோகா கோர்னு பெரிய ஆய்வு நடந்துச்சு, அங்க விட்ட சோண்டுகள் காத்தை நிஜத்தை விட வறட்சியா காட்டுச்சு, காரணம் தேடிப் போனா பேக்கிங்ல இருந்து கசிஞ்ச ஆவி பாலிமர்ல ஒட்டிக்கிட்டு தண்ணி மூலக்கூறு உக்கார வேண்டிய இடத்தை பிடிச்சிருக்கு, அதுவும் சோண்ட் பழசாக ஆக பிழை கூடிக்கிட்டே போகுது. அடுத்து வந்த ஆர்எஸ்92ல வேற தொல்லை, வெயில். சென்சார் சுத்தியுள்ள காத்தை விட சூடாயிடும், சூடான சென்சாருக்கு அதே காத்து வறண்டதா தெரியும். கோஸ்டா ரிகாவோட அலஹுவேலால உறைபனி கருவியோட சேத்து பறக்க விட்டு பாத்தப்போ, பகல் நேரத்துல தரைகிட்ட 9 சதவீதம், 15 கிலோமீட்டர் உயரத்துல 50 சதவீதம் குறைவா காட்டுச்சுன்னு 2007ல ரிசல்ட் வந்துச்சு. பாதிக்குப் பாதி! ஆர்எஸ்41ல இதை நல்லா சரி பண்ணிருக்காங்க: ஈரப்பத சிப்புலயே வெப்பநிலை சென்சாரும் இருக்கு, அதனால தான் எவ்வளவு சூடுன்னு அதுக்கே தெரியும், பறக்குறதுக்கு முன்னாடி சூடேத்தி ஒட்டுனதை விரட்டி, ஈரமே இல்லாதப்போ பூஜ்யம் காட்டுதான்னும் சரிபாக்கும். தினசரி வானிலைக்கு இது தாராளமா போதும்.

உறைபனி கருவி எனக்கு ஏன் பிடிக்கும்னா, அதுல நீராவிக்குன்னு தனியா காலிபிரேஷனே வேண்டாம், வெப்பநிலையை சரியா அளந்தா போதும், அந்த வெப்பநிலைல பனியோட ஆவியழுத்தம் எவ்வளவுன்னு தெரியும், மிச்சத்தை அதுவே பாத்துக்கும். அதுக்காக குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். பூஜ்யத்துக்குக் கீழயும் கண்ணாடில பனிக்கு பதில் உறையாத தண்ணி நிக்கலாம், மைனஸ் 20 டிகிரில ரெண்டுத்துக்கும் ஆவியழுத்தம் கிட்டத்தட்ட 20 சதவீதம் வித்தியாசம், அதனால சில கருவிகள் நடுவுல கண்ணாடியை சூடாக்கி தொடச்சு, மறுபடி நல்லா குளிர வச்சு பனியா மாத்திக்கும். இதைவிட பெரிய பாடம் அமெரிக்காவோட போல்டர்ல. 1980ல இருந்து அங்க உறைபனி கருவி பறக்குது, ஸ்ட்ராட்டோஸ்பியர் (வானிலை நடக்குற அடுக்குக்கு மேல இருக்குற அடுக்கு) நீராவிக்கு அதை விட நீளமான பலூன் ரெக்கார்டு கிடையாது. அதுல தெர்மிஸ்டரோட (வெப்பநிலை சென்சார்) மின்தடையை வெப்பநிலையா மாத்துற ஃபார்முலா மைனஸ் 79 டிகிரிக்கு கீழ கொஞ்சம் தப்பிருக்கு, அதையும் இன்னொரு பிழையையும் திருத்தி 2008ல மறுபடி கணக்கு போட்டப்போ 1980-2000 காலத்து நீராவி ஏறுமுகம் முன்னாடி சொன்னதை விட 40 சதவீதம் வரை குறைஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க, பிழை வெப்பநிலைல இருந்ததால பழைய ரெக்கார்டை தேடிப் பிடிச்சு திருத்த முடிஞ்சுது. பாலிமர்ல ஆவி ஒட்டுனதை பின்னாடி திருத்துறது பெரும்பாலும் சராசரி அனுமானம்தான்.

விமானத்துல போற லைமன்-ஆல்பா (புற ஊதா ஒளியால நீராவியை அளக்குறது), லேசர் கருவிகள் ரொம்ப வேகமானவை, ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாம பல வருஷம் சண்டை. 2007ல ஜெர்மனியோட கார்ல்ஸ்ரூ சேம்பர்ல எல்லாத்தையும் ஒண்ணா வச்சு சோதிச்சாங்க (அக்வாவிட்), 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 10 பங்கு) மேல முக்கிய கருவிகள் 10 சதவீதத்துக்குள்ள ஒத்துப் போச்சு, அதுக்கு கீழ 20. ஸ்ட்ராட்டோஸ்பியர்ல இருக்குறதே அஞ்சு பிபிஎம் சொச்சம்தான், அப்போ நமக்கு வேண்டிய இடத்துலயே ஒத்துமை கம்மி. சாட்டிலைட்டும் தப்பல, நாசாவோட ஆரா சாட்டிலைட்ல இருக்குற எம்எல்எஸ் கருவியோட அளவு மெல்ல விலகுறதை காட்டிக் கொடுத்ததே உறைபனி பலூன்கள்தான்.

இப்போ அந்த உறைபனி கருவிக்கே ஒரு நெருக்கடி, குளிர வைக்க நிறைய பேர் நம்பியிருந்த ஆர்23 வாயு பயங்கரமா பூமியை சூடாக்குற சரக்கு, 2016 கிகாலி ஒப்பந்தப்படி குறைச்சுக்கிட்டு வர்றாங்க. டிரை ஐஸும் ஆல்கஹாலும், பெல்டியர் (மின்சாரத்தால குளிர வைக்குறது)னு மாத்து வழிகள் வருது. எதை எடுத்தாலும் சரி, பழசையும் புதுசையும் ஒரே பலூன்ல கட்டி நிறைய தடவை, பகல்லயும் ராத்திரியும் பறக்க விடாம மாத்தக் கூடாது.