மறுபடியும் ரேடியேஷன்: ஐந்து சிட்டிங்கா, ஆறு வாரமா, கத்தியா?

தலை, கழுத்துப் பகுதியில் ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்த இடத்திலேயே புற்று திரும்பினால், 'மறுபடி கரண்ட் வைக்கலாமா?' என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. பலருக்கு வைக்கலாம். ஆனால் தோல் ஆறிவிட்டாலும் அடியில் இருக்கும் எலும்பும் தசையும் ரத்தக்குழாயும் முதல் டோஸை முழுசாக மறப்பதில்லை. அதனால்தான் பழைய டோஸ் படத்தைப் புதிய சிடி ஸ்கேன்மேல் பொருத்தி, தண்டுவடத்துக்கு மொத்தம் எவ்வளவு, கழுத்துத் தமனிக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கிறார்கள். பழைய சிகிச்சை ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் மேசைக்கு வரும் போட்டி இரண்டு. ஒன்று ஐ.எம்.ஆர்.டி., அதாவது கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வீரியத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு: ஏறக்குறைய ஆறு வாரம், 60 கிரே (கதிர்வீச்சு டோஸின் அளவு) அல்லது சற்று மேல், பலருக்குக் கூடவே கீமோ. இன்னொன்று எஸ்.பி.ஆர்.டி., அதாவது கட்டியைத் துல்லியமாகக் குறிவைத்துச் சில வேளைகளிலேயே பெரிய டோஸாகக் கொடுக்கும் கதிர்வீச்சு: பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்தே சிட்டிங், மொத்தம் 35 முதல் 45 கிரே வரை.

சிகிச்சை நடக்கும் நாட்களை மட்டும் பார்த்தால் எஸ்.பி.ஆர்.டி.தான் லேசு. ஆறு வாரக்காரருக்கு வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகி, மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ உணவு செலுத்தும் குழாய் வைக்க வேண்டி வரலாம். அமெரிக்க மையங்கள் பலவற்றின் நோயாளிகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், உயிருக்கே ஆபத்தான உடனடி பாதிப்பு ஐ.எம்.ஆர்.டி.யில் 5.1%, எஸ்.பி.ஆர்.டி.யில் 0.5%. சரி, அப்படியானால் ஐந்து சிட்டிங்கே போதுமே என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில், மாதங்கள் கழித்து வரும் கடும் பாதிப்பில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கட்டி சிறிதாக இருந்தால் எஸ்.பி.ஆர்.டி. ஈடுகொடுக்கிறது, பெரிதானால் ஆறு வாரச் சிரமத்துக்கு அர்த்தம் உண்டு.

என்னைக் கேட்டால், ஒப்பிட வேண்டியது அந்தப் பிந்தைய பாதிப்புகளைத்தான். கழுத்துத் தசை மரப்பட்டை போல இறுகும். மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல்கூட நுழையாமல் போகலாம். விழுங்குவது தடம் மாறி, சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கீழ்த்தாடை எலும்பு செத்து, ஈறைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் இருப்பதில்தான் பலருக்கு இது ஆரம்பிக்கிறது. பல் வேலை எதுவாக இருந்தாலும் கதிர்வீச்சுக்கு முன்பே முடித்துவிடச் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது கழுத்துத் தமனி வெடிப்பு. 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மறு கதிர்வீச்சு பெற்றவர்களில் 2.6% பேருக்கு இது வந்திருந்தது. வந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பிழைக்கவில்லை. தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல் கட்டி தழுவியிருந்தாலோ, அந்த இடத்தில் புண் திறந்திருந்தாலோ ஆபத்து ஏறுகிறது. அப்படிப்பட்டவருக்கு, ஒவ்வொரு சிட்டிங்கிலும் பெரிய டோஸாக இறக்கும் எஸ்.பி.ஆர்.டி.யை நான் தயக்கத்தோடுதான் பார்ப்பேன்.

டோஸைப் பொடிப்பொடியாகப் பிரித்தால் என்ன ஆகும்? மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் புற்று திரும்பியவர்களிடம் சீனாவில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. தினம் இருமுறையாக 54 தவணையில் 65 கிரே பெற்றவர்களில் 34% பேருக்குக் கடுமையான பிந்தைய பாதிப்பு. தினம் ஒருமுறையாக 27 தவணையில் 60 கிரே பெற்றவர்களில் 57%. அந்தப் பாதிப்பாலேயே இறந்தவர்கள் 7%-உம் 24%-உம். மொத்த டோஸ் அதிகம், சேதம் குறைவு! ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதுதான் அந்தத் திசுக்களுக்குக் கணக்கு.

அப்புறம் கத்தி. முழுசாக வெட்டியெடுக்க முடிகிற கட்டி என்றால் அறுவைதான் முதலில். அதே தொண்டைப் பகுதிப் புற்றில் 2021-இல் வந்த சீன ஆய்வில், சிகிச்சையின் பிந்தைய விளைவால் இறந்தவர்கள் எண்டோஸ்கோப் அறுவையில் 5%, ஐ.எம்.ஆர்.டி.யில் 20%. ஆனால் தலை, கழுத்தின் மற்ற இடங்களுக்கு இந்த எண்களை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அறுவைக்குப் பிறகும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கதிர்வீச்சைச் சேர்ப்பது பற்றி 2008-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு வந்தது: நோய் திரும்புவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை, கடுமையான பிந்தைய பாதிப்பு மட்டும் கூடியது.

புரோட்டான் கதிர் கட்டியைத் தாண்டிப் போகாமல் நின்றுவிடும். அதனால் தண்டுவடமும் மூளையும் தப்பிக்கும். கட்டியோடு ஒட்டிய தமனி தப்பிக்காது. உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்தான இம்யூனோதெரபியில் இந்தக் கருகல் எதுவும் கிடையாது. தைராய்டு, குடல், நுரையீரலில் அழற்சி வரலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஓரிடக் கட்டியை ஒழிப்பது சிலருக்கே வாய்க்கிறது.

எந்தக் கதிர்வீச்சு முறையானாலும் வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயிலோ கழுத்துப் புண்ணிலோ திடீரென ரத்தம் வந்து தானாக நின்றாலும், 'நின்றுவிட்டதே' என்று படுத்துவிடக் கூடாது. பெரிய வெடிப்புக்கு முந்தைய சின்னக் கசிவாக அது இருக்கலாம். அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும்.