88ஆ, 94ஆ, 100ஆ: உயரச் சுற்றும் 4ஜி63க்கு எந்தக் கிராங்க்?

மிற்சுபிஷி லான்சர் எவலூஷனில் ஒன்பதாவது மொடல் வரை வந்த 4ஜி63 எஞ்சினுக்குப் போர் (சிலிண்டரின் விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88 மி.மீ., கொள்ளளவு 1997 சீசீ. இதை ஸ்ட்ரோக்கர் ஆக்க, அதாவது ஸ்ட்ரோக்கைக் கூட்டும் கிராங்க் போட, நினைப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று 4ஜி64 எஞ்சினின் 100 மி.மீ. கிராங்க். மற்றது இதற்கென்றே செய்து விற்கும் 94 மி.மீ. கிராங்க். சீசீ கூடினால் எல்லாம் கூடும் என்ற கதையை நம்பிப் பலர் 100ஐ வாங்குகிறார்கள். எஞ்சினை உயரச் சுற்றுவதுதான் நோக்கமென்றால் அது பிழையான தெரிவு. வன்னி வெக்கையும் செம்மண் தூசியும் அந்தப் பிழையை இன்னும் பெரிதாக்கும்.

கணக்கு எளிது. மீற்றரில் எடுத்த ஸ்ட்ரோக்கை இரண்டாலும் நிமிடச் சுற்றாலும் பெருக்கி 60ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் வரும். 88 மி.மீ. கிராங்க் 8500 சுற்றில் செக்கனுக்கு 25 மீற்றரைத் தொடுகிறது. 94 அதை 8000இல் தொடும், 100 மி.மீ. 7500இலேயே தொட்டுவிடும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கொன்றொட்டின் போல்ட்டைத் தின்பது இந்த வேகமல்ல, மேல்முனையில் பிஸ்டன் திரும்பும்போது வரும் இழுவை. ஒரே 150 மி.மீ. கொன்றொட், ஒரே 7500 சுற்று என்று வைத்துப் பார்த்தால், 100 மி.மீ. கிராங்க்கில் பிஸ்டனின் உச்ச முடுக்கம் 88ஐவிட ஏறத்தாழ 17 வீதம் கூடுதல். கொன்றொட் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்து வரும் விகிதமும் 1.70இலிருந்து 1.50க்கு விழுகிறது, 94க்கு அது 1.60. விகிதம் குறையக் குறையக் கொன்றொட் கூடுதலாகச் சரிந்து, பிஸ்டனைச் சிலிண்டர்ச் சுவரோடு அழுத்தும். அந்தச் சுவரில் மண்தூளும் ஒட்டியிருந்தால் தேய்வைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஹெட்டும் கேமும் பழையதாகவே இருந்தால் இன்னொரு விஷயமும் நடக்கும். 2270 சீசீ எஞ்சின், அந்த ஹெட் விடக்கூடிய காற்றைக் குறைந்த சுற்றிலேயே இழுத்து முடித்துவிடும். பவர் உச்சம் கீழே இறங்கும். மேலே சுற்றுவதற்குக் காரணமே இராது.

100க்கும் இடம் உண்டு. டர்போ முந்தி எழும்பும், கீழ்ச்சுற்றில் இழுவை நன்றாக வரும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் நாளாந்தம் ஏ9இல் ஓடும் காருக்கு அது போதும். பூட்டும்போது கவனிக்க வேண்டியது, கொன்றொட் போல்ட்டின் தலை புளொக்கின் போர் அடியிலும், பிஸ்டனுக்கு ஒயில் பீச்சும் குழாயிலும் முட்டுவது. நான்கு சிலிண்டரையும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தேய்க்க வேண்டிய இடத்தை, புளொக்கைக் கழுவுவதற்கு முன்பே தேய்த்து முடியுங்கள். பிஸ்டன் முள் நடுவிலிருந்து தலை வரையான உயரம் 35இலிருந்து 29 மி.மீ. ஆகிவிடுவதால், முள் துளை ஒயில் றிங் பள்ளத்தை வெட்டக்கூடும். அப்படியான பிஸ்டனோடு ஒரு தாங்கு றிங்கும் வரும். அதைத் தவறாகப் போட்டால் முதல் நாளே நீலப்புகை.

94ஐ 4ஜி64 புளொக்கிலும் போடலாம். 156 மி.மீ. கொன்றொட்டோடு விகிதம் 1.66, போர் 86.5 என்பதால் 2210 சீசீ. தாளில் அழகு. ஆனால் அந்தப் புளொக் 4ஜி63ஐவிட 6 மி.மீ. கூடுதல் உயரம்: பழைய டைமிங் பெல்ட் பொருந்தாது, இன்டர்கூலர் பைப்பும் சைலன்சர் பைப்பும் மாறும். ஒவ்வொரு பாட்ஸுக்கும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஊரில், 94ஐ 4ஜி63 புளொக்கில் 150 மி.மீ. கொன்றொட்டோடு போடுவதே புத்தி.

பிஸ்டன் உலோகத்தில்தான் வன்னி உண்மையாகக் குறுக்கே வருகிறது. பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவைகள் இரண்டு, 2618, 4032. 2618 அடியைத் தாங்கும், உடையாமல் நெளியும். டர்போவுக்கு எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆனால் சிலிக்கன் குறைவு, மென்மை. றிங் பள்ளமும் பாவாடையும் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) தூசியில் சீக்கிரம் தேயும். சூட்டில் கூட விரிவதால் கூடுதல் இடைவெளியும் வேண்டும். 4032இல் சிலிக்கன் ஏறத்தாழ 12 வீதம்: தேய்வு குறைவு, இடைவெளியும் குறைவு, ஆனால் நொக் (பெற்றோல் தானாகப் பற்றி அடிப்பது) வந்தால் வெடிக்கும். மூடிய ஓட்டப்பாதையில் மட்டும் ஓடும் அதிக பூஸ்ட் எஞ்சினுக்கு 2618. முறிகண்டியில் பிரதான வீதியை விட்டிறங்கிக் கிரவல் ஒழுங்கையால் வீடு போகும் காருக்கு, பூஸ்ட் அளவாக இருந்தால், 4032. பெற்றோல் செட்டில் 92 ஒக்டேன் மட்டும் கிடைக்கும் நாளில் பூஸ்ட்டைக் குறைக்க மாட்டேன் என்பவர் 4032ஐத் தொடவே வேண்டாம்.

கொன்றொட்டில் எச் வடிவமா ஐ வடிவமா என்ற சண்டையைவிடப் போல்ட்டுக்குக் காசு கொடுப்பது பெரிது. ஏஆர்பி 2000 என்ற உலோகப் போல்ட் இந்த வேலைக்குத் தாராளம். எல்19 என்ற உலோகம் அதைவிடப் பலம்தான், ஆனால் ஈரமும் கைவியர்வையும் அதற்கு ஆகாது. துரு பிடித்த நுண்கீறலிலிருந்து சடாரென்று முறியும். தகரக் கூரைக் கராஜில், மத்தியான வெக்கையில், வெறுங்கையால் பூட்டுகிற போல்ட் அது இல்லை. எதை வாங்கினாலும் டோர்க்கை மட்டும் நம்பாமல், போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பதை அளந்து பூட்டுங்கள். அந்த அளவு பெட்டியோடு வரும் தாளில் இருக்கும்.

உழவு இயந்திரத்துக்குப் போர் அடிக்கும் லேத்தில் இந்தப் புளொக்கைக் கொடுப்பதானால், ஹெட்டின் இழுப்பைப் போலப் புளொக்கை நெருக்கும் தடித்த தட்டு போட்டு ஹோனிங் செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஹெட்டை இறுக்கியதும் சிலிண்டர் வட்டம் குலைந்து, றிங் அடைக்காது. டர்போவுக்கு மேல் றிங் வாய் (றிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி) 0.47 முதல் 0.51 மி.மீ. வரை, குறைத்தால் சூட்டில் முனைகள் முட்டிப் பிஸ்டன் விளிம்பு பெயரும். கிராங்க்கில் கொன்றொட் பிடிக்கும் 45 மி.மீ. ஜேர்னலுக்கு ஒயில் இடைவெளி 0.045 மி.மீ. அளவில். கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.18; 0.25ஐத் தாண்டினால் திரும்பக் கழற்றத்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஏர் ஃபில்டரைத் திறந்த கூம்பாகப் போடாதீர்கள். மூடிய பெட்டியும் காகித ஃபில்டரும் சில குதிரைவலுவைத் தின்னலாம், றிங்கைத் தின்னாது.