நல்லர்பார் சமவெளியைக் கடக்க எடுத்த கேம்பர்வேன்: வாடகைச் சேவை பற்றி

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடுத்து பெர்த்தில் ஒப்படைக்கும் ஒருவழி வாடகைக்கு, உயரமான கூரை கொண்ட கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துறங்கும் வசதி உள்ள வண்டி) ஒன்றை ஆகஸ்ட் மாதத்தில் பத்து நாட்களுக்கு நானும் என் மனைவியும் எடுத்திருந்தோம். வண்டியில் பெரிய குறை ஏதும் இல்லை. ஆனால், இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள நல்லர்பார் சமவெளியைக் கடப்பதற்கென்று வண்டி தரும் நிறுவனம் அந்தப் பாதையை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்கிறதா என்ற ஐயம் மட்டும் பயணம் முழுவதும் எங்களை விட்டு அகலவில்லை.

முதல் சான்று, வண்டியை எடுத்த அன்று வரவேற்புப் பையில் வைத்துக் கொடுத்த தேன் சீசா. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் உள்ள சோதனைச் சாவடியில் பழம், காய்கறியோடு தேனையும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அந்தச் சாலையில் போகும் எல்லோருக்கும் பொருந்தும் விதி. பெர்த்துக்கு வண்டி அனுப்பும் அலுவலகத்துக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே சீசாவை வாங்கிக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு நிபந்தனைகளை விளக்கியே ஆக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக்கூடாது என்பது ஒன்று. கங்காருக்கள் அந்தி வேளையில் சாலைக்கு வருவதால் இது நியாயமானதுதான். ஆனால் எல்லையிலிருந்து கெய்குனா வரையிலான சில குடியிருப்புகள் பெர்த் நேரத்தைவிட 45 நிமிடம் முன்னதாக ஒரு தனி நேரத்தைப் பின்பற்றுகின்றன. கடிகாரத்தை இரண்டு முறை திருத்திக்கொண்டு, இருட்டுவதற்குள் எந்த ரோடுஹவுஸை (எரிபொருளும் தங்குமிடமும் கிடைக்கும் சாலையோர நிலையம்) அடையலாம் என்று தினமும் கணக்குப் போட வேண்டியிருந்தது. தார் போடாத சாலையில் இறங்கக்கூடாது என்பது மற்றொன்று. சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலை 1976-லேயே முழுவதும் தார்ச் சாலையாகிவிட்டது என்றாலும், பண்டா செங்குத்துப் பாறைகளைப் பார்க்கச் செல்லும் கிளைவழிகளில் சில கப்பிச் சாலைகளே. நாங்கள் விதியை மீறவில்லை, சிலவற்றைப் பார்க்காமலே கடந்தோம். திமிங்கிலங்கள் வரும் ஹெட் ஆஃப் பைட் கடற்கரைக்குத் தார்ச் சாலை இருந்ததால் தப்பித்தோம்.

எரிபொருள் குறித்துப் பலரும் அஞ்சுகிறார்கள், அவ்வளவு அஞ்சத் தேவையில்லை. எரிபொருள் நிலையங்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி ஏறத்தாழ 190 கிலோமீட்டர்தான். மேற்கிலிருந்து வீசும் எதிர்க்காற்றில் உயரமான கூரை டீசலைக் குடித்துவிடுகிறது என்பதும், பல இழுவைப் பெட்டிகள் கோத்த நீண்ட லாரியான ரோடு ட்ரெயின் ஒன்று எதிரே கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் தள்ளாடுகிறது என்பதும்தான் உண்மையான தொல்லைகள். பலடோனியாவுக்கும் கெய்குனாவுக்கும் இடையே ஒரு வளைவுகூட இல்லாத 146.6 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்ததில் தோள் வலித்தது. (லத்தீனில் ‘மரமில்லை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இந்நிலத்தின் தெற்கு ஓரமாகவே நெடுஞ்சாலை செல்கிறது. ஆகவே வழிநெடுக மரங்கள் உண்டு, மரமே இல்லாத பகுதி நல்லர்பார் ரோடுஹவுஸை ஒட்டிச் சிறிது தூரம்தான்.)

தண்ணீர்த் தொட்டி மிகச் சிறியது. சுண்ணாம்புக் கல் நிலத்தில் நன்னீர் அரிது என்பதால் ரோடுஹவுஸ்களில் தொட்டியை நிரப்பக் கேட்பதே சங்கடமாக இருந்தது. சமவெளிக்கு முன்பே வரும் செடுனா என்ற ஊரிலேயே கேன்களில் வாங்கி வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

காக்கிள்பிடிக்கு அருகே, குளிர்சாதனப் பெட்டிக்கான இரண்டாவது பேட்டரி செயலிழந்தது. ‘இருபத்து நான்கு மணி நேர உதவி’ என்று விளம்பரப்படுத்திய எண்ணை அழைக்கச் செல்பேசியில் சிக்னல் இல்லை. ரோடுஹவுஸ் தொலைபேசியில் பேசியபோது, நார்ஸ்மன் என்ற ஊரில் ஒரு பணிமனையைப் பாருங்கள் என்றார்கள். நார்ஸ்மன் அங்கிருந்து ஒரு முழுப் பகல் தூரம். செயற்கைக்கோள் தொலைபேசியை வாடகைக்குத் தரும் வசதி இவர்களிடம் இல்லை. இந்தப் பாதைக்கு அதைத்தான் முதலில் தர வேண்டும்.

இயந்திரம், டயர்கள், படுக்கை எல்லாம் நன்றாகவே இருந்தன, ஸ்டெப்னியைத் தொடவே இல்லை. பெர்த்தில் ஒப்படைக்கும்போது பேட்டரி பற்றிச் சொன்னதும், வாதிடாமல் இரண்டு நாள் வாடகையைத் திருப்பித் தந்தார்கள்.