மகிட்டா 18 வோல்ட்டை விட்டு 40-க்கு மாறலாமா?

மகிட்டாவின் பேட்டரி டிரில், கிரைண்டர் மெஷின்களில் 18 வோல்ட் வகைக்கு எல்எக்ஸ்டி என்றும், 40 வோல்ட் வகைக்கு எக்ஸ்ஜிடி என்றும் பெயர். பெட்டியில் 40 வோல்ட் என்று இருந்தாலும் எக்ஸ்ஜிடி பேட்டரி 36 வோல்ட்தான். 40 என்பது முழு சார்ஜில் தொடும் உச்சம். 2.5 ஆம்பியர்-மணி எக்ஸ்ஜிடிக்குள் 10 செல். பழைய எல்எக்ஸ்டி 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிக்குள்ளும் அதே 10 செல். இரண்டிலும் சேமித்து வைக்கும் மின்சாரம் ஒரே 90 வாட்-மணிதான். கூடுதல் நேரம் ஓடும் என்று நம்பி இதை வாங்காதீர்கள்.

லாபம் வேறு இடத்தில். வோல்டேஜ் இரட்டிப்பானால் அதே வேலைக்குப் பாதி கரண்ட் போதும். ஒரே தடையுள்ள வயரில் வீணாகும் சூடு கால்வாசியாகிறது. கான்கிரீட் உடைக்கும் பெரிய ரோட்டரி ஹேமர், 9 இன்ச் கிரைண்டர் என்று நாள் முழுக்க ஓட்டுபவர்கள் தாராளமாக மாறலாம். மரத்துளை, ஸ்க்ரூ, 4 இன்ச் கிரைண்டர் வேலைக்கு 18 தாராளம். எப்போதாவது பெரிய வேலை வந்தால், இரண்டு 18 வோல்ட் பேட்டரி மாட்டும் எல்எக்ஸ்டி மெஷின்களும் இருக்கின்றன.

ஒரு வகை பேட்டரி மற்ற வகை மெஷினில் பொருந்தாது. ஏடிபி10 அடாப்டர் போட்டால் பழைய பேட்டரியைப் புது சார்ஜரில் ஏற்றலாம், அவ்வளவுதான்.

பேட்டரி செத்துவிட்டது என்று மாறுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். சார்ஜரில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மினுக்கினால், முனைகளில் சிமென்ட் தூசி அடைத்திருக்கலாம். சார்ஜரின் பிளக்கைக் கழற்றி, காய்ந்த பிரஷால் பேட்டரி முனை, சார்ஜர் முனை இரண்டையும் தட்டித் துடைத்து மறுபடி போடுங்கள். அப்போதும் மினுக்கினால்தான் புதுசு.